முற்றத்திலிருந்து முற்றவெளிக்கு

யாழ்ப்பாண நகரிலே பொதுநூலகத்துக்கு அண்மையில் சுப்பிரமணியம் பூங்கா உள்ளது. மாநகர சபையின் பராமரிப்பில் இருக்கும் இச்சிறுவர் பூங்காவுக்கு, வெயில் தாழ்ந்த வேளையில் பெற்றோர் பிள்ளைகளைக் கைப்பிடித்து வருவர். சில பிள்ளைகளுக்கு அம்மம்மா துணை. வாயிலைத் தாண்டியதும் பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடும். அது எங்கே ஓடுகிறது என்பதைச் சற்றுக் கவனித்தல் நன்று. பெரியவர் சுட்டுவது சறுக்குப் பலகையை. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை போய்க் குந்துவதோ ஊஞ்சலின் அருகே, பல கால்கள் தேய்த்துக் குழியாக்கிய மண்ணில். அள்ளுகிறது, கொட்டுகிறது, மறுபடியும் அள்ளுகிறது. “இதற்காகவா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தது?” என்று தாய் சலித்துக்கொள்ளலாம். பிள்ளையோ தான் வந்த காரியத்தைத் தொடங்கிவிட்டது.

சிறு பிள்ளைக்கு வேண்டிய விளையாட்டிடம் யாது என்ற வினாவுக்கு இதிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. அள்ளிக் கொட்டுவதற்கு மணல் வேண்டும். தலைக்கு மேலே நிழல் வேண்டும். கண்ணுக்கெட்டும் தூரத்தில் அவசரப்படாத பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும். இரும்பும் வர்ணப்பூச்சும் இவற்றுக்குப் பின்னரே எண்ணத்தக்கவை. யாழ்ப்பாண மாநகர சபை 1949ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்கு நெடுங்காலம் முன்னரே குடாநாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இவை கேட்காமலே கிடைத்திருந்தன. பின்னர் அவை பறிபோன கதையையும், இன்று அவற்றை மீளப் பெறும் வழியையும் அறிந்துகொண்டால், மாலையில் பிள்ளையைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லும் சிறு காரியத்துக்கும் ஒரு பெறுமதி இருப்பது புலப்படும்.

குடாநாட்டு வீட்டின் அமைப்பை முதலில் நோக்குவோர்க்கு அங்கே வேலிக்கு இருந்த முதன்மை தெரியவரும். கிடுகாலும் பனையோலையாலும் அடைக்கப்பட்ட வேலி. இடையிடையே பூவரசும் கிளுவையும் கதியால்களாக நின்று தளிர்க்கும். வேலிக்கு ஒரு படலை, படலைக்கு உள்ளே முற்றம். வேம்போ மாமரமோ பலாவோ நிழல் செய்யும் அம்முற்றமே பிள்ளையின் முதல் விளையாட்டிடம். தேங்காய்ச் சிரட்டையில் ஈரமண்ணை அடைத்துக் கவிழ்த்தால் அது புட்டு. பூவரசம் இலை அதற்கு வாழையிலை. அதே இலையைச் சுருட்டி ஊதினால் நாதசுரம். நுங்கு குடித்து முடிந்ததும் கோம்பைகள் இரண்டைத் தடியில் கோத்து வண்டில் செய்து கொடுப்பது அப்பப்பாவின் பொறுப்பு. இவற்றில் எதற்கும் காசு செலவானதில்லை. எதுவும் உடைந்ததென்று எவரும் பிள்ளையை அடித்ததுமில்லை. விளையாட்டுப் பொருள் விலையுயர்ந்தது ஆக ஆக, “கவனம், உடைத்துப்போடாதே” என்ற சொல்லும் மிகுந்து, பிள்ளையின் கை அடங்கிவிடுகிறது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

நடை திருந்திய பிள்ளைக்குப் படலையின் வெளியே ஒழுங்கை. ஐந்தாறு வயதில் ஒழுங்கையின் முடிவிலுள்ள கோயில் வீதி. குடாநாட்டிலே கோயில் இல்லாத குறிச்சி அரிது. கோயிலைச் சுற்றிய வெளிவீதியில் மணல் பரந்திருக்கும். பெரிய பிள்ளைகள் கிளித்தட்டு மறிப்பார்கள், போளையடிப்பார்கள், கிட்டிப்புள் வீசுவார்கள். பெண்பிள்ளைகள் மண்டபத் திண்ணையிலிருந்து கொக்கான் வெட்டுவார்கள். சின்னஞ்சிறியவை ஓரத்தில் மணலைக் குவித்துக்கொண்டிருக்கும். பூசைக்கு வந்த கிழவர்கள் மடத்தில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவர். அவர்களுள் எவரும் பிள்ளைகளைக் காவல் காக்க வந்தவர் அல்லர். ஆயினும் ஒரு பிள்ளை கிணற்றுப் பக்கம் திரும்பினால் ஓர் அதட்டல் எழும். வற்றாத ஆறு ஒன்றுமில்லாத, கிணற்று நீரையே நம்பி வாழும் நிலம் இது. வளவுதோறும் கிணறு உள்ள ஊரில் அந்த அதட்டல் சிறிய உதவியன்று.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் பெருந்திருவிழாக் காலத்தில் இப்பழைய காட்சியை இன்றும் காணலாம். கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் வாகனப் போக்குவரத்தை நிறுத்தி மணல் பரப்பி வைப்பர். காலணியோடு எவரும் அங்கே செல்வதில்லை. சுவாமி வெளிவீதி வலம் வந்து முடிந்த மாலையிலே, கச்சான் சரையைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோர் மணலில் அமர்ந்திருக்க, பிள்ளைகள் மணல்வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். நகரின் நடுவே, மோட்டார் வாகனத்துக்கு அஞ்சாமல், வெறுங்காலோடு பிள்ளை ஓடக்கூடிய அகன்ற மணற்பரப்பு இது. இதற்கு விளையாட்டுத் திடல் என்று பெயரில்லை. அதனால் அதன் தகுதி குறைந்துவிடாது.

பிள்ளைக்கும் மணலுக்கும் உள்ள இவ்வுறவைத் தமிழிலக்கியம் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தில் ஆண்பாற் பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல் ஒரு பருவம். சிறுபறையும் சிறுதேரும் அதனையடுத்த பருவங்கள். பெண்பிள்ளைகள் மணலில் கட்டிய சிறு வீட்டை ஆண்பிள்ளை காலால் அழிப்பதும், அழிக்காதே என்று அவர்கள் வேண்டுவதும் பாட்டுக்குரிய பொருளாயின. பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. குடாநாட்டிலும் இவ்வகை அக்கறை தொடர்ந்து வந்தது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பத்தியும் புலமையும் மிக்க நூல்களோடு பிள்ளைகளுக்கென்றே எளிய பாட்டுகளையும் செய்து வைத்தார்.

மேனாடுகள் இதனைக் கண்டுபிடித்தது பிந்தியே எனலாம். ஜேர்மனியிலே பிரெடெரிக் புரோபல் 1837ஆம் ஆண்டில் பிளாங்கன்பேர்க்கில் சிறு பிள்ளைகளுக்கான நிலையத்தைத் தொடங்கிப் பின்னர் அதற்குப் ‘பிள்ளைகளின் தோட்டம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். பெர்லின் நகரின் பொதுப் பூங்காக்களில் பிள்ளைகளுக்காக மணற்குவியல்கள் இடப்பட்டிருந்ததைக் கண்ட மேரி சக்ரசெவ்ஸ்கா என்னும் பெண் மருத்துவர், அச்செய்தியை அமெரிக்காவின் பொஸ்ரன் நகருக்கு எழுதினார். அதன் பயனாக 1885ஆம் ஆண்டில் அங்கே ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு தேவாலய முற்றத்தில் மணல் கொட்டப்பட்டது. அமெரிக்காவின் பொது விளையாட்டிடங்களின் வரலாற்றை எழுதுவோர் அந்த மணற்குவியலிலிருந்தே தொடங்குகின்றனர். ஊஞ்சலும் சறுக்குப் பலகையும் ஏணிக்கூடும் மணலுக்குப் பின் வந்து, நாளடைவில் மணலையே ஒதுக்கிவிட்டன.

கோயில் வீதியைப் புகழ்வோர் ஒன்றை மறைத்தல் ஆகாது. அது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒருபோலத் திறந்திருக்கவில்லை. சாதியின் பெயரால் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பிள்ளைகள் அந்த மணலை வேலிக்கு அப்பாலிருந்து பார்க்க வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968ஆம் ஆண்டிலேதான். அது நெடுங்காலத்துக்கு முந்திய செய்தியன்று. இந்த இடத்திலேதான் மாநகர சபைப் பூங்காவின் சிறப்பு விளங்குகிறது. பூங்காவின் வாயிலில் நிற்பவர் பிள்ளையின் ஊரையோ குலத்தையோ சமயத்தையோ வினாவுவதில்லை. ஊஞ்சலுக்கு வரிசை உண்டு. அந்த வரிசையில் முன்னே நிற்கும் பிள்ளைக்கே முதலிடம். நான்கு வயதில் அவ்வரிசையில் நின்று பழகுவதை எந்தப் பாடநூலாலும் ஈடுசெய்ய முடியாது.

நகரின் பொதுவெளிகள் தோன்றிய விதமும் விநோதமானது. கோட்டைக்கு முன்னே கிடக்கும் முற்றவெளி பிள்ளைகளுக்காக விடப்பட்ட நிலமன்று. பீரங்கியின் குறிக்குத் தடை இருத்தலாகாது என்பதற்காகக் கோட்டையைச் சூழ வெளி விடுவது ஐரோப்பியர் வழக்கம். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றி விரித்தமைத்த கோட்டை அது. சுடுவதற்கென விட்ட வெளியிலே பின்னாளில் பிள்ளைகள் பந்தடித்தார்கள்; வீட்டு முற்றத்தின் பெயரே அதற்கும் வழங்கலாயிற்று. நகரின் மறுபுறத்திலே, கச்சேரியை அடுத்துள்ள பழைய பூங்கா, 1829 முதல் 1867 வரை வடமாகாணத்தின் அரசாங்க அதிபராயிருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவர் உருவாக்கியது. வெயில் கொளுத்தும் நிலத்தில் மரநிழலின் அருமையை அவர் அறிந்திருந்தார்.

இவ்வாறு முற்றம், ஒழுங்கை, வீதி, வெளி என்று படிப்படியாக விரிந்த பிள்ளையின் உலகத்தைப் போர் அதே ஒழுங்கில் சுருக்கியது. பொதுநூலகம் 1981ஆம் ஆண்டில் எரியூட்டப்பட்டது. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலே கோட்டை முற்றுகையிடப்பட்டபோது அதன் அயலிலிருந்த நகரப்பகுதி முழுவதும் போர்க்களமாயிற்று. சிறுவர் பூங்காவும் அந்த அயலிலேதான் இருந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் குறுகிய நேர அவகாசத்தில் வெளியேற்றினர். ஒலிபெருக்கியில் அறிவித்து அவர்களை ஒன்றுகூட்டிய இடம் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானம். பிள்ளைகள் ஓடி விளையாடிய திடலே அவர்கள் ஊரை விட்டு நீங்கும் வாயிலாயிற்று. அதே ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்களும் இடம்பெயர்ந்தனர். 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது.

வீட்டோடு இருந்த பிள்ளைகளுக்கும் முற்றம் மிஞ்சவில்லை. மரநிழலில் பதுங்குகுழி தோண்டப்பட்டது. தோண்டிய மண் சாக்குகளில் மூட்டையாயிற்று. பனைகள் தறிக்கப்பட்டுக் குழிகளுக்குக் கூரையாயின. பிள்ளையின் மணலையும் நிழலையும் போரே எடுத்துக்கொண்டது என்று கூறினால் அது வெறும் அணியன்று, நடந்ததே அதுதான். பிள்ளைகள் அப்போதும் விளையாடினார்கள். பதுங்குகுழி தோண்டியும், சோதனைச் சாவடி வைத்தும், விமானச் சத்தம் எழுப்பி விழுந்து படுத்தும் விளையாடினார்கள். தாங்கமுடியாத ஒன்றைக் கைக்கடக்கமான அளவுக்குச் சிறிதாக்கிப் பார்ப்பது பிள்ளை விளையாட்டின் இயல்பு என உளவியலார் கூறுவர். மட்டக்களப்பிலே 1996ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா இந்த அறிவை அடிப்படையாகக் கொண்டது. போரினால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே களிமண்ணும் வர்ணமும் கதையும் கொண்டு ஒருங்கே விளையாடினர்.

எல்லாவற்றிலும் கொடியது நிலத்தில் புதைந்திருந்தது. கண்ணிவெடி உள்ள வளவுக்கும் இல்லாத வளவுக்கும் மேற்பார்வைக்கு வேறுபாடு கிடையாது. பற்றைக்குள் போகாதே, கிடப்பது எதையும் எடுக்காதே, மண்ணைக் கிண்டாதே என்று தாய் பிள்ளைக்குப் படிப்பிக்க வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடங்களிலும் அதுவே பாடமாகக் கற்பிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னரும், 2009இல் போர் முடிந்த பின்னரும் குடாநாட்டில் வெடியகற்றும் பணி அங்குலம் அங்குலமாக நடந்தது. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை இணைந்தது 2017 டிசெம்பரில். வலிகாமம் வடக்கின் காணிகள் பகுதி பகுதியாகவே மக்களிடம் திரும்பின. மண்ணைக் கிண்டாதே என்ற கட்டளையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று பெற்றோராகிவிட்டனர். தம் பிள்ளை மண்ணில் கைவைத்ததும் அவர்கள் உள்ளம் துணுக்குறுவதை அழுக்குப் பற்றிய கவலை என்று மட்டும் கருதிவிட முடியாது.

போரினால் வெறுமையான நிலத்தைப் பிள்ளைகளுக்கே கொடுத்த நகரங்கள் உலகில் உண்டு. டென்மார்க்கின் கொப்பன்கேகன் நகரையடுத்த எம்ட்றப் என்னுமிடத்தில், ஜேர்மானியர் ஆக்கிரமிப்பின் நடுவே 1943ஆம் ஆண்டில், சோறென்சன் என்னும் நிலவடிவமைப்பாளர் பழைய பலகையும் செங்கல்லும் குவித்த திடலொன்றைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டார். தாம் அமைத்த அழகிய திடல்களைக் காட்டிலும் கட்டட வேலைத் தளங்களிலேயே பிள்ளைகள் விரும்பி விளையாடக் கண்டதால் எழுந்த யோசனை அது. போர் முடிந்தபின் அதனைக் கண்ட அலன் சீமாட்டி, குண்டு விழுந்து பாழான இலண்டன் மனைகளில் அவ்வகைத் திடல்களை அமைக்கப் பாடுபட்டார். ஒல்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரிலே அல்டோ வான் ஐக் என்னும் இளம் கட்டடக் கலைஞர் 1947ஆம் ஆண்டில் ஒரு சிறு சதுக்கத்தில் மணற்றொட்டி ஒன்றையும் தாவிப் பழகச் சில இரும்புக் கம்பிகளையும் அமைத்தார். அயற்றெருவார் தமக்கும் அவ்வாறொன்று வேண்டுமென்று நகரசபைக்கு எழுதினர். அடுத்த 30 ஆண்டுகளில் அந்நகரில் 700க்கு மேற்பட்ட திடல்கள் எழுந்தன. இடிந்த வீட்டு மனை, தெருமூலை, இரு கட்டடங்களின் இடைவெளி என்று கைவிடப்பட்ட துண்டு நிலங்களிலெல்லாம் அவற்றைப் பொருத்தினார். அவற்றுட் பலவற்றுக்குச் சுற்றுவேலியும் கிடையாது. யாழ்ப்பாணக் கோட்டையை விரித்துக் கட்டிய அதே ஒல்லாந்தரின் நாட்டிலே இது நடந்தது என்பதை நினைக்கையில் நகை தோன்றாமற் போகாது.

குடாநாட்டில் சொந்தக்காரர் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழ, நாயுருவியும் பற்றையும் மூடிக் கிடக்கும் வளவுகள் ஊர்தோறும் உள்ளன. ஒழுங்கைகளிலோ மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் விரைகின்றன. கிடுகுவேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில் எழுந்துவிட்டதால், உள்ளே விளையாடும் பிள்ளையின் குரல் அயல்வீட்டுக்குக் கேட்பதில்லை. இந்நிலையில் பெருஞ்செலவில் தொலைவில் அமையும் ஒரு பெரிய பூங்கா நல்லதே. ஆனால் அங்கு மாதம் ஒருமுறை போகலாம், நாள்தோறும் போக முடியாது. மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியது நாள்தோறும் நடந்து போகக்கூடிய இடம்.

அத்தகைய இடத்துக்குப் பிள்ளையை அழைத்துச் செல்வதிலும் சில நுணுக்கங்கள் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் மில்ரெட் பார்ட்டன் 1932ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்றிலே சிறு பிள்ளைகளின் விளையாட்டை வகுத்துக் காட்டினார். தனியே விளையாடுதல் ஒரு வகை. பிறர் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்றல் இன்னொன்று. அருகருகே இருந்து ஒரே வகை மண்ணை அள்ளிக்கொண்டும் ஒருவரோடொருவர் கலவாமல் விளையாடுதலையும் அவர் தனி வகையாகக் கொண்டார். ஒன்றுசேர்ந்து விளையாடுதல் இவற்றுக்குப் பின்னரே பெருகுவது. ஆகவே திடலின் ஓரத்தில் விரலைச் சூப்பிக்கொண்டு நிற்கும் பிள்ளையைப் “போ, போய் அவர்களோடு விளையாடு” என்று தள்ளிவிடுவது தேவையற்றது. அது சோம்பி நிற்கவில்லை, பார்த்துப் படிக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளை தன் வாளியை மற்றப் பிள்ளைக்குக் கொடுக்க மறுத்தால் தாய் நாணமடைய வேண்டியதும் இல்லை. பகிர்தல் அந்த வயதுக்குரிய குணமன்று. பின்னர் தானே வரும்.

வேளையைத் தெரிந்துகொள்ளல் முக்கியம். பங்குனி சித்திரை மாதங்களில் வெயிலில் கிடந்த உலோகச் சறுக்குப் பலகை பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும். பெரியவர் முதலில் தம் புறங்கையை வைத்துப் பார்த்தல் வேண்டும். நான்கரை மணிக்கு முன்னர் புறப்படாதிருத்தலே நன்று. ஊஞ்சலிலும் சறுக்கியிலும் பிள்ளை விழுவதைத் தடுக்க முடியாது, விழும் நிலம் எத்தகையது என்பதையே நோக்க வேண்டும். கீழே சீமெந்து இட்டிருந்தால் அத்திடல் எவ்வளவு அழகாயிருப்பினும் சிறு பிள்ளைக்கு ஆகாது. ஆழமான மணல் இருந்தால் விழுந்த பிள்ளை அழுதுவிட்டு எழும்பும்.

இவ்விடத்தில் பலரும் அறியாத செய்தி ஒன்று உண்டு. சிறு பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டு பெரியவர் சறுக்குதல் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பிள்ளையின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிவதற்கு அது அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. தனியே சறுக்கும் பிள்ளையின் கால் விளிம்பில் சிக்கினால் அதன் சிறிய உடல் உடனே நின்றுவிடும். பெரியவரின் மடியில் இருக்கையில் கால் சிக்கினாலோ, பெரியவரின் பாரம் நில்லாமல் இறங்க, சிக்கிய கால் முறுகிவிடுகிறது. தனியே சறுக்க அஞ்சும் பிள்ளை இன்னும் சில மாதம் பொறுத்திருக்கலாம். சறுக்கி எங்கும் போய்விடாது.

ஊஞ்சலைப் பற்றித் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு மாமரத்தில் கயிறு கட்டி ஆடிய ஊர் இது. தெய்வத்தையே ஊஞ்சலில் இருத்தித் திருவூஞ்சல் பாடுகின்ற கோயில்கள் குடாநாடெங்கும் உள்ளன. ஆடும்போது பிள்ளையின் உட்செவியிலுள்ள சமநிலை உறுப்புகள் உடலின் அசைவை மூளைக்கு உணர்த்திக்கொண்டே இருக்கின்றன. நடையும் ஓட்டமும் திருந்துவதற்கு அது துணை. பிள்ளை போதும் என்றதும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் உயர ஆட்டுவேன் என்று விளையாடுவது பெரியவரின் ஆசை, பிள்ளையின் ஆசையன்று.

கைத்தொலைபேசியில் கண்ணைப் பதித்துக்கொண்டு வாங்கில் இருக்கும் தந்தையைப் பற்றியும், ஒவ்வொரு படிக்கும் கைகொடுத்து “அப்படியில்லை, இப்படி” என்று திருத்திக்கொண்டே பின்தொடரும் தாயைப் பற்றியும் ஒரு சொல். இருவரும் வெவ்வேறு விதமாகப் பிள்ளையைத் தனியே விட்டுவிடுகின்றனர். கோயில் மடத்துக் கிழவர்கள் இவ்விரண்டும் செய்யவில்லை. தம் கதையைப் பேசினார்கள். ஒரு கண் பிள்ளைகள்மேல் இருந்தது.

ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை, ஓய்வும் விளையாட்டும் பிள்ளையின் உரிமை என்கிறது; இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. உரிமை என்று எழுதிய பின்னர் அதற்கு இடம் வேண்டும். குடாநாட்டு ஊர்களிலே அவ்விடம் ஆயத்தமாகவே உள்ளது. வாசிகசாலையும் சிறு முற்றமும் கொண்ட சனசமூக நிலையங்கள் ஊர்தோறும் உள. பலவற்றில் காலையில் முன்பள்ளி நடைபெறுகிறது. மாலையில் பத்திரிகை வாசிக்க முதியோர் வருகின்றனர். அந்த முற்றத்தில் வேம்பின் கீழே ஒரு மணற்றொட்டி அமைப்பது ஊரவரின் ஒருநாள் வேலை. பிரதேச சபையின் பெருந்திட்டம் ஒன்று வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பத்தடிச் சதுரம் போதும். வலிகாமத்தில் சிறிது தோண்டியதும் சுண்ணக்கல் தட்டுப்படுமாதலின் ஆழக் கிண்டாமல், நிலமட்டத்துக்கு மேலே செங்கல்லால் வரம்பு கட்டுவது எளிது. வரம்பு பிள்ளைக்கும் அம்மம்மாவுக்கும் இருக்கையாகவும் உதவும். அடியில் சல்லி பரப்பி நீர் வடிய வழி விடாவிட்டால் மணல் அழுகி நாறும். ஒன்றரை அடி உயரத்துக்கு மணல் நிரப்ப 150 கன அடி வேண்டும். 100 கன அடியை ஒரு கியூப் என்று விற்பதால் ஒன்றரைக் கியூப் மணல். வடமராட்சி கிழக்கின் மணல்மேடுகள் களவாக அகழப்பட்டுக் குறைந்துவருவதை எண்ணி, அனுமதிப்பத்திரத்தோடு வரும் மணலையே வாங்குதல் முறை. நாயும் பூனையும் மணலில் மலங்கழித்தால் புழுமுட்டைகள் பிள்ளையின் கைவழி வயிற்றுக்குச் செல்லும் ஆதலின், இரவில் கிடுகினாலோ வலையினாலோ மூடிவைத்தல் வேண்டும். விளையாடி முடிந்ததும் கைகழுவக் கிணற்றடியில் ஒரு வாளி நீரும் சவர்க்காரமும் வைத்தல் வேண்டும். சிரட்டைகள் ஊரிலே தாராளமாகக் கிடைக்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழையில் மணல் ஓரளவு கரைந்துபோகும். தை பிறந்ததும் கிளறி வெயிலில் காயவிட்டு, குறைந்த அளவை நிரப்பிவிட்டால், அடுத்த மழைவரை பிள்ளைகளுக்குப் போதும்.